நான்காம் விடையைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு

சென்ற வாரம் மாதிரி வினாத்தாளை உங்களிடம் தந்தபோது ஒரு வினாவுக்கு வகுப்பே சிரித்தது. ஆழ்கடலிலிருந்து மேலே வந்த சுழியோடி ஒருவருக்கு மூட்டுகளில் கடும் வலி, கால்கள் விறைக்கின்றன, நீங்கள் முதலில் செய்வது யாது? இதுவே வினா. முதல் மூன்று விடைகளையும் அமைதியாக வாசித்த நீங்கள், நான்காவதை எட்டியதும் சிரித்தீர்கள். 'நோயாளியை மீண்டும் கடலுக்குள் இறக்குதல்' என்பது அந்த நான்காம் விடை. பின் வாங்கிலிருந்து ஒருவர், "உதையும் ஒரு விடையெண்டு ஆர் மிஸ் தெரிவு செய்வினம்? விசரரோ?" என்று கேட்டார்.

அன்று நான் மறுமொழி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்த விடையைத் தெரிவு செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். கடலை உங்களையும் என்னையும் விட நன்கறிந்தவர்கள் அவர்கள். அவர்களுள் ஒருவரும் விசரர் அல்லர். இதை விளங்கிக்கொள்ளாமல் நீங்கள் பரீட்சையில் நூற்றுக்கு நூறு பெற்றாலும், இந்தக் கரையில் ஒரு நோயாளியையும் அம்புலன்ஸ் வண்டியில் ஏற்றமாட்டீர்கள்.

போர் முடிந்து, மீள்குடியேற்றத்தின் முதலாண்டுகள் அவை. அடம்பனுக்கு வடக்கே, கரையோரக் கிராமங்களில் வீடென்று சொல்லத்தக்கது அதிகம் இருக்கவில்லை. தகரமும் தறப்பாளும் கொண்டு அமைத்த கொட்டில்களில் மக்கள் தம் வாழ்க்கையை மறுபடி தொடங்கியிருந்தனர். வலைகள் போயிருந்தன, வள்ளங்கள் போயிருந்தன. கடலின் அடியில் கடலட்டை மட்டும் இருந்தது. அதற்கு வெளிநாட்டில் நல்ல விலை. முதுகிலே காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு ஆழத்துக்கு இறங்கி, பையை நிறைத்துக்கொண்டு மேலே வந்து, அடுத்த சிலிண்டரைக் கட்டிக்கொண்டு மறுபடியும் இறங்கினார்கள். எவ்வளவு மெதுவாக மேலே வரவேண்டும் என்பதை அவர்களுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுத்ததில்லை.

அதன் விளைவு உங்கள் பாடநூலில் இருக்கிறது, சுருங்கச் சொல்கிறேன். ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைதரசன் உடலிலே கரைகிறது. விரைந்து மேலே வந்தால் அது குமிழ்களாகிறது. குமிழ் மூட்டில் தங்கினால் வலி. முள்ளந்தண்டில் தங்கினால் கால்கள் போய்விடும்.

நான் அப்போது கரையோர வைத்தியசாலையொன்றின் அம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக இருந்தேன். வண்டியை ஓட்டியவர் றசீத் நானா. அவரும் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுள் ஒருவராய் நீண்ட காலம் புத்தளப் பக்கத்தில் இடம்பெயர்ந்து வாழ்ந்து, அந்த ஆண்டுதான் ஊர் திரும்பியிருந்தார்.

ஒரு முற்பகல் அழைப்பு வந்தது. நாங்கள் கரையை அடைந்தபோது நால்வர் ஒரு மனிதரைத் தூக்கிக்கொண்டு கடலை நோக்கி நடந்துகொண்டிருந்தனர். அம்புலன்ஸ் வரும்போதே நோயாளியை அதற்கு எதிர்த் திசையில் கொண்டு போகும் காட்சியை நான் அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். அவருடைய பெயர் யூட். முப்பது வயது மதிக்கலாம். நெஞ்சோடு புதிய சிலிண்டர் ஒன்றை அணைத்துப் பிடித்திருந்தார். அருகே ஒரு பெண், அவருடைய மனைவி ஜெசிந்தா, அவர் காலுக்கு நல்லெண்ணெய் தேய்த்தபடியே கூட நடந்தாள். அழைத்ததும் அவள்தான்.

வள்ளத்துக்கும் சிலிண்டர்களுக்கும் சொந்தக்காரரான சம்மாட்டியார் என்னை மறித்தார்.

"மிஸ், கொஞ்சம் பொறுங்கோ. ஒருக்கா இறக்கி எடுத்துப்போட்டு உங்களிட்டத் தாறம்."

"இறக்கினா என்ன நடக்கும் அண்ணை?"

"சுகம் வரும். காலமையும் இறக்கினனாங்கள். வலி பறந்திட்டுது. நம்பாட்டி ஆளையே கேளுங்கோ."

யூட்டைக் கேட்டேன். "உண்மைதான் மிஸ்," என்றார். "கீழ போன கையோட ஒண்டுமே இல்லாமப் போச்சு. மேல வரத்தான் திரும்பப் பிடிச்சது."

இந்த இடத்தில் நில்லுங்கள். அவர் பொய் சொல்லவில்லை. ஆழத்தில் அமுக்கம் கூடுகிறது, அமுக்கத்தில் குமிழ் சுருங்குகிறது, வலி போகிறது. நான்காம் விடை ஒரு மூடநம்பிக்கை அன்று. கண்ணால் கண்டு, உடலால் உணர்ந்து, தகப்பனிடமிருந்தும் தோழனிடமிருந்தும் பெற்ற அனுபவம் அது. மூடநம்பிக்கையோடு வாதாடுவது எளிது. பாதி உண்மையோடு வாதாடுவதுதான் கடினம். அங்கே நின்று 'இது மடத்தனம்' என்று நான் சொல்லியிருந்தால், அவர்கள் என்னைக் கரையில் விட்டுவிட்டு அவரைக் கடலில் இறக்கியிருப்பார்கள்.

"இப்ப வலி எப்பிடி?" என்று கேட்டேன்.

"வலி குறைஞ்சிட்டுது மிஸ். கால்தான்... கால் என்ர கால் மாதிரி இல்லை."

"காலமைக்குப் பிறகு சலம் போனீங்களோ?"

அவர் மனைவியைப் பார்த்து வெட்கப்பட்டார். பிறகு சிறுநீர் போகவில்லையென்று தலையசைத்தார். வலி குறைந்ததைக் கேட்டுச் சுற்றி நின்றவர்கள் மகிழ்ந்தார்கள். எனக்கு அது கெட்ட செய்தி. குமிழ் முள்ளந்தண்டுக்குப் போய்விட்டது. அவர் இனி நடப்பாரா என்பது அந்தச் சில மணித்தியாலங்களில் தீர்மானமாகப் போகிறது.

"நீங்கள் சொல்றது சரி அண்ணை," என்றேன் சம்மாட்டியாரிடம். "இறக்கினா சுகமாத்தான் இருக்கும். ஆனால் எவ்வளவு நேரம் கீழ வச்சிருப்பியள்? விறைச்ச காலோட இருக்கிற மனிசனுக்குக் கீழ மயக்கம் வந்தா, வாயில இருக்கிற குழாயை ஆர் பிடிக்கிறது?"

"நான் பிடிப்பன்," என்றார் தூக்கி நின்றவர்களுள் ஒருவர்.

"உங்கட காத்து முடிஞ்சா?"

அவர் சம்மாட்டியாரைத் திரும்பிப் பார்த்தார். சம்மாட்டியார் விட்டாரில்லை. "உங்கட வண்டியிலயும் சிலிண்டர்தான் இருக்கு, எங்களிட்டையும் சிலிண்டர்தான் இருக்கு. என்ன பெரிய வித்தியாசம்?"

"உங்கட சிலிண்டரில இருக்கிறது சும்மா காத்து. இவரை விழுத்தினது அதுக்குள்ள இருக்கிற நைதரசன்தான். திரும்பவும் அதையே குடுக்கப் போறியள். என்னட்ட இருக்கிறது தனி ஒட்சிசன்."

"பொம்பிளையள் வந்து எங்களுக்குக் கடலைப் பற்றிப் படிப்பிக்கிற காலம் வந்திட்டுது."

"கடலை நீங்களே வச்சிருங்கோ அண்ணை. நான் இவரின்ர காலைப் பற்றித்தான் கதைக்கிறன்."

யாரோ சிரித்தார்கள். சம்மாட்டியார் முகம் கறுத்தது. அவருக்கும் ஓர் அச்சம் இருந்தது என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அவரிடம் சுழியோடும் அனுமதி இருக்கவில்லை. வைத்தியசாலை என்றால் விசாரணை. விசாரணை என்றால் வள்ளம் போய்விடும். வள்ளம் போனால் அந்தக் கரையில் பல அடுப்புகள் எரியா. அவரைக் கொடியவராக நான் எழுதமாட்டேன்.

சம்மதம் பற்றிய பாடத்தை நீங்கள் மனனம் செய்திருக்கிறீர்கள். தெளிந்த அறிவுடைய வயது வந்த ஒருவர் மறுத்தால், அவரைத் தூக்கிக்கொண்டு ஓட உங்களுக்கு உரிமை இல்லை. யூட் தெளிவாக இருந்தார்; கடலுக்கே போக விரும்பினார். ஆகவே நான் கூட்டத்தோடு பேசுவதை நிறுத்தினேன். முடிவு அவருடையது, பேச்சும் அவரோடுதான். மணலில் கிடத்தச் சொல்லி, அவர் காலடியில் முழங்காலிட்டேன்.

"கண்ணை மூடுங்கோ யூட். நான் எந்த விரலைத் தொடுறன் எண்டு சொல்லுங்கோ."

கண்களை மூடினார். காத்திருந்தார். பிறகு சிறிது சிரித்தபடி, "நீங்கள் இன்னும் தொடேல்லையே மிஸ்?" என்றார்.

அவருடைய இடக்காற் பெருவிரலை நகம் வெளுக்கும்வரை நான் நெரித்துப் பிடித்திருந்தேன்.

சுற்றி நின்றவர்கள் அனைவரும் அதைக் கண்டார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஜெசிந்தாவின் கை நின்றது. யூட் கண்களைத் திறந்து, என் கையையும் தன் விரலையும் பார்த்தார். பிறகு நெஞ்சோடு அணைத்திருந்த சிலிண்டரைத் தானே எடுத்துக் கீழே வைத்தார். "ஏத்துங்கோ மிஸ்," என்றார்.

தலையணை வைக்கவேண்டாமென்று சொல்லி, மட்டமாகப் படுக்க வைத்து, ஒட்சிசன் முகமூடியை இறுக்கினேன். வண்டியின் கதவை மூடப் போனபோது ஜெசிந்தா கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க கொண்டு போறியள்?"

நான் அஞ்சிய கேள்வி அதுதான். அந்நோய்க்கு மருந்து மாத்திரை அன்று, அமுக்க அறை. மனிதரை உள்ளே படுக்க வைத்து, ஆழத்தின் அமுக்கத்தை ஏற்றி, ஒட்சிசன் கொடுத்து, மெதுவாக, மிக மெதுவாக இறக்குவார்கள். நான்காம் விடையின் உண்மையான பாதி அங்கேதான் சரியாகச் செய்யப்படுகிறது. ஆனால் அந்த அறை இருந்தது கிழக்குக் கரையில், கடற்படை முகாமுக்குள்.

றசீத் நானா என் காதருகே, "பெரியாஸ்பத்திரிக்கு எண்டு சொல்லிட்டு ஏத்துங்க மகள். மிச்சத்தப் போற வழியில பாப்பம்," என்றார். அவர் நல்லெண்ணத்தில் சொன்னார். ஆயினும் நான் உண்மையைச் சொன்னேன்.

ஜெசிந்தாவின் முகம் மாறியது. கத்தவில்லை. தாழ்ந்த குரலில், "ஆமிக் காம்ப் கேற்றுக்குள்ள போன என்ர தம்பி இன்னும் வெளியில வரேல்லை, மிஸ். இவரையும் நான் ஒரு கேற்றுக்குள்ள விடவோ?" என்றாள்.

இதற்கு எந்தப் பாடநூலில் விடை இருக்கிறது? தேடாதீர்கள், இல்லை. 'பயப்பட வேண்டாம்' என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அவளுடைய அச்சம் அறியாமையன்று, அதுவும் அனுபவமே. என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. அதைக் கொடுத்தேன்.

"உறுதி சொல்ல என்னட்ட ஒண்டும் இல்லைப் பிள்ளை. ஆனால் நான் அந்தக் கேற்றடியிலயே நிப்பன். இவரில்லாமத் திரும்பி வரமாட்டன்."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீங்கள் எனக்காக நிக்க வேண்டாம். நான் நிப்பன்," என்றாள். ஏறி அமர்ந்தாள். பின்னர், "நீங்களும் நில்லுங்கோ," என்றாள்.

அந்தக் காலத்தில் கரையில் தொலைபேசி ஒழுங்காக வேலை செய்வதில்லை. அடம்பனை அண்மித்த பிறகுதான் எங்கள் வைத்திய அதிகாரியைப் பிடிக்க முடிந்தது. பணிக்கு வந்து அதிக காலம் ஆகாத இளம் பெண். கால் விறைப்பையும் சலம் போகாமையையும் கேட்டவுடன் அவர் தயங்கவில்லை.

"நேரா அங்கயே போங்கோ மிஸ். நான் அறிவிக்கிறன். ஆனால் மாகாணம் தாண்டி வண்டியை அனுப்ப எனக்கு அதிகாரம் இல்லை. அது உங்களுக்கும் தெரியும்."

"தெரியும் டொக்டர். முருங்கன் ஆஸ்பத்திரி வண்டியை எங்கட பக்கத்தையும் பாக்கச் சொல்லுங்கோ. நானா இவரை விட்டவுடன திரும்பிடுவார்."

இந்த இறுதி இரு வாக்கியங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். மீறுவது வீரம் என்று உங்களுக்கு ஒருவரும் கற்பிக்க வேண்டாம். நாங்கள் கிழக்கே ஓடிய அந்த நேரத்தில் எங்கள் கரையில் ஒரு தாய்க்குப் பிரசவ வலி எடுத்திருக்கலாம். ஒரு வயலில் பாம்பு கடித்திருக்கலாம். நீங்கள் விட்டுச் செல்லும் இடத்தில் யார் நிற்பார் என்று பாராமல் விதியை மீறினால், அது வெறும் ஓட்டம். பார்த்துவிட்டு மீறினால், தலை நிமிர்ந்து மீறுங்கள்.

முருங்கன் சந்தியில் றசீத் நானா வேகத்தைக் குறைத்து, கண்ணாடியில் என்னைப் பார்த்தார். எங்கள் எல்லை அதற்கப்பால் அதிக தூரமில்லை.

"என்ன நானா, யோசிக்கிறீங்கள்?"

"யோசிக்கல்ல மகள். பேர் மாறின நாளில இருந்து என்னைய எல்லாரும் எல்லை தாண்டினவன் எண்டுதான் சொல்றாங்க. இன்னொரு எல்லைதானே!" அவர் 'பேர் மாறின நாள்' என்றது, குடும்ப அட்டையில் ஊரின் பெயரை அழித்து முகாமின் பெயரை எழுதிய நாளை. வண்டி வேகமெடுத்தது. பின்னால் யூட், முகமூடிக்குள்ளிருந்து, "மெதுவா நானா, நான் இன்னும் சாகேல்லை," என்றார். ஜெசிந்தா அன்று முதன்முறையாகச் சிரித்தாள்.

முகாம் வாசலில் எங்களைத் தடுத்தார்கள். நோயாளி மட்டும் உள்ளே போகலாம். அமுக்க அறையை இயக்கியவர் வாசலுக்கே வந்து, யூட்டின் கால்களைத் தொட்டுப் பார்த்து, சிங்களத்தில் இரண்டு கேள்விகள் கேட்டு, அவரைத் தள்ளிக்கொண்டு விரைந்தார். தம் தொழிலை அறிந்த மனிதர். நோயாளி எந்தப் பக்கத்தவர் என்று கேட்கவில்லை. கதவு மூடியது.

காவலில் நின்ற இளைஞன் ஜெசிந்தாவுக்கு ஒரு கதிரையைக் கொண்டுவந்து வைத்தான். அவள் அதில் அமரவில்லை.

"இரு பிள்ளை," என்றேன்.

"கதிரை தாறதெண்டா கனநேரம் எண்டு அர்த்தம் மிஸ். நான் நிண்டாத்தான் கெதியா விடுவினம்."

கதிரை வெறுமையாகவே இருந்தது. இரண்டாம் நாள் அந்த இளைஞன் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டு, வேறொரு வழியில் தன் மரியாதையைக் காட்டினான்: அவளோடு கூட நின்றான். தன் காவல்நேரம் முடிந்த பிறகும் சற்று நேரம் நின்றான்.

நானா வண்டியோடு அன்றே திரும்பியிருந்தார். நான் சொன்ன சொற்படி நின்றேன். அருகிலிருந்த கோவில் மண்டபத்தில் படுத்தோம்; விடிந்ததும் வாசலுக்கு வந்தோம். யூட்டைப் பல தடவை அந்த அறைக்குள் ஏற்றி இறக்கினார்கள். வெளியே வந்த நாளில் அவர் தன் கால்களால் வந்தார். வலது கால் முழுமையாகத் திரும்பியிருந்தது. இடது கால் மணலில் கோடு கிழித்தபடி பின்னே வந்தது. ஜெசிந்தா ஓடவில்லை; வாசலின் எல்லைக்கோட்டை அவர் கடக்கும்வரை அசையாது நின்று, கடந்த பிறகு அவர் கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகுதான் தரையில் அமர்ந்தாள்.

நாங்கள் திரும்பி வர, விசாரணை காத்திருந்தது. அனுமதியின்றி மாகாணம் தாண்டியமை, கடமைக்குச் சமுகமளிக்காமை. வைத்திய அதிகாரி தாம் சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் ஒப்புக்கொண்டார். நானா, "முருங்கனில திரும்ப மறந்துட்டன் சேர். வயசு," என்றார். விசாரித்தவர் கெட்ட மனிதர் அல்லர். விசாரணைக் கோப்பை மூடிவிட விரும்பினார்.

"ஆள் இப்ப நடக்கிறாராமே. அப்ப பெரிய பிரச்சினை இல்லை. செய்ததுக்கு மனம் வருந்துறன் எண்டு ஒரு வரி எழுதித் தாங்கோ மிஸ். இதோட முடிப்பம்."

"அவர் நடக்காமல் விட்டிருந்தால்?"

"அப்ப கதை வேற."

"இல்லை ஐயா, அதே கதைதான். நான் ஏத்தேக்குள்ள அவர் நடப்பாரோ எண்டு எனக்குத் தெரியாது. அவர் வழியில செத்திருந்தாலும் நான் செய்தது அதேதான். நடந்ததால என்னை மன்னிக்கிறீங்கள் எண்டா, அந்த மன்னிப்பு எனக்கு வேண்டாம்."

"பிடிவாதம் பிடிக்காதேங்கோ. ஒரு வரிதானே?"

"மனம் வருந்தாதவள் எப்பிடி ஐயா எழுதுறது?"

இளையவர்களே, இத்தனை பக்கம் நான் எழுதியது இந்த இடத்துக்காகவே. உங்கள் முடிவை அதன் விளைவைக் கொண்டு அளக்க எவரையும் அனுமதியாதீர்கள், உங்களையும் அனுமதியாதீர்கள். தவறான முடிவெடுத்து நோயாளி தப்பிப் பிழைத்தால், உங்களைப் பாராட்டுவார்கள். அந்தப் பாராட்டை ஏற்காதீர்கள். சரியான முடிவெடுத்து நோயாளி இறந்தால், உங்களைத் தூற்றுவார்கள். அந்தத் தூற்றலையும் ஏற்காதீர்கள். அந்தக் கணத்தில் நீங்கள் எதை அறிந்திருந்தீர்கள், எதைக் கேட்டறிந்தீர்கள், யாருக்கு உண்மை சொன்னீர்கள் என்பவற்றுக்கு மட்டும் கணக்குச் சொல்லுங்கள்.

நான் அந்த வரியை எழுதவில்லை. என்னை அம்புலன்ஸிலிருந்து எடுத்து மருந்துக் களஞ்சியத்தில் போட்டார்கள். பஞ்சுப் பொதிகளுக்கும் சேலைன் பெட்டிகளுக்கும் நடுவே, சாவிக் கொத்தோடு, நான் ஒரு பருவம் முழுவதும் இருந்தேன். யூட் ஒருநாள் பொல்லூன்றிக்கொண்டு பார்க்க வந்தார்.

"மிஸ், விசாரணைக்காரர் கேட்டா நான் என்னெண்டு சொல்ல? நடக்கிறன் எண்டு சொல்லவோ, இல்லையெண்டு சொல்லவோ? உங்களுக்கு எது வசதி?"

"ஒண்டும் சொல்ல வேண்டாம். கடலுக்கு மட்டும் போகாதேங்கோ."

"கடலுக்கோ? ஜெசிந்தா என்னைக் கிணத்தடிக்கே தனிய விடுறேல்லை."

அடுத்த கடலட்டைக் காலத்தில், ஒரு மத்தியானம், களஞ்சியத்தின் தொலைபேசி அடித்தது. யூட்டின் குரல். பின்னால் பலர் சத்தமிடுவதும் சம்மாட்டியாரின் அதட்டலும் கேட்டன.

"மிஸ், இஞ்ச ஒரு பொடியன் விழுந்திட்டான். இறக்கப் பாத்தாங்கள். நான் வள்ளத்துக்கு முன்னால குந்திக்கொண்டிருக்கிறன். என்னைத் தூக்கிப்போட்டுத்தான் இறக்க வேணும் எண்டு சொல்லிப்போட்டன். மட்டமாப் படுக்க வச்சிருக்கு. விரலை நெரிச்சுப் பாத்தன், ஒண்டும் தெரியேல்லையாம். நீங்கள் வாறியளோ?"

எனக்கு அம்புலன்ஸில் ஏற அனுமதி இல்லை. அன்று வண்டியில் போகவேண்டியவர் விடுமுறையில் இருந்தார். மாற்றாள் இன்னும் வந்து சேரவில்லை.

"வாறன்," என்றேன். சாவிக் கொத்தை மேசைமேல் வைத்தேன். வாசலுக்கு ஓடினேன். யூட் முன்பே அழைத்திருந்த றசீத் நானா வண்டியின் இயந்திரத்தை ஏற்கெனவே முடுக்கி, கதவைத் திறந்து பிடித்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்க மகள்," என்றார். "விசாரணைக்குத் திரும்பி வந்து போவம்."